ஈயம் பூசிய சைலன்சர்

கொசுவலைக்கு நான்கு மூலையிலும் நாடா உண்டு. அதைக் கட்டிலின் நான்கு கம்பங்களிலும் கட்டினால்தான் வலை நிற்கும். அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு வலையை உதறித் தலைமாட்டுப் பக்கத்து நாடா இரண்டையும் கட்டினேன். கால்மாட்டுப் பக்கம் வந்து கையைத் தூக்கினால் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

குனிந்து பார்த்தேன். மெத்தை மட்டத்துக்கு மேலே, குழாயாக உள்ளே வெற்றாக இருந்த இரண்டு பித்தளைக் கம்பங்களையும் ரம்பம் வைத்து அறுத்திருந்தது. அறுத்த வாய் பளபளவென்று இருந்தது. தரையில் மஞ்சள் பொடி கொட்டியது போலப் பித்தளைத் தூள் கிடந்தது.

கள்ளன் வந்தால் பெட்டியை எடுப்பான், அண்டாவை எடுப்பான். கட்டிலின் கால்மாட்டுக் கம்பத்தை மட்டும் அளவெடுத்து அறுத்துக்கொண்டு போகிற ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவருக்குத்தான் என் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்.

"மேரி, கோவிச்சுக்காத" என்று வாசலில் இருந்தே குரல் வந்தது. "தலைமாட்டுப் பக்கத்தை நான் தொடவே இல்ல பாரு."

அந்தக் கட்டில் எனக்குச் சீராக வந்தது. ஏதோ ஒரு பங்களாவில் ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதில் படுத்திருந்தாராம். துரை இந்த நாட்டை விட்டுப் போனபோதுகூடக் கட்டிலை முழுசாகத்தான் விட்டுவிட்டுப் போனார்.

"எதுக்குங்க அறுத்தீங்க?"

"சைலன்சருக்கு."

இதைவிடச் சுருக்கமாக ஒரு மனுஷன் பதில் சொல்ல முடியாது. நான் வலையைச் சுருட்டி மூலையில் வீசிவிட்டு, அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் அறுபட்ட கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் தனி அடுப்பு

கார் வாங்கிய கதையைப் போன வாரங்களில் விரிவாகவே எழுதிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக நாலு வரி.

என் வீட்டுக்காரர் சவரியப்பனுடையது நல்லம்பள்ளிப் பக்கத்துக் குடியானவக் குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் மனைவி ஆரோக்கியத்தை அக்கா என்பேன். அந்த வீட்டுச் சமையலறைக்கு அக்காதான் கலெக்டர், அக்காதான் தாசில்தார்.

நான் கிண்டி இறக்கிய களியை அக்கா தினமும் மறுபடி அடுப்பில் ஏற்றிக் கிண்டுவார். "கட்டி தட்டியிருக்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். பார்த்துவிட்டுச் சொன்னால்கூட ஆறுதலாக இருக்கும். மூடியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

கல்யாணமாகிச் சில வருஷம் இப்படி ஓடியது. அப்புறம்தான் என் வீட்டுக்காரர், லாரிக்காரர்களோடு சுற்றிக் கற்றுக்கொண்ட டிரைவர் தொழிலை நம்பி, ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் உழைத்துக் களைத்த கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். பென்னாகரத்தில் டாக்சி. கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. அதில் எனக்கென்று ஒரு அடுப்பு.

குடிபோன அன்றைக்கு நானே களி கிண்டினேன். நிஜமாகவே கட்டி தட்டிவிட்டது. கட்டியோடு தின்றோம். அதைப் போல ருசியான சாப்பாட்டை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை.

ஆனால் மாமா எங்களை லேசில் விடவில்லை. தம்பி தனியாகப் போகிறான் என்று கண்ணில் தண்ணீர் விட்டார். ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் அந்தோணியார் சுருபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

"வண்டி ஓடுற வரைக்கும் பென்னாகரத்துல இரு, நான் வேணாங்கல. வண்டி நின்னுடுச்சுன்னா மறுபேச்சுப் பேசாம ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்துடணும். சரிதானா?"

"சரிங்கண்ணா" என்று இவரும் சுருபத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டார். மற்ற விஷயத்தில் எப்படியோ, அந்தோணியார் விஷயத்தில் என் வீட்டுக்காரர் சொல் மாறமாட்டார்.

ஆக, அந்தக் கார் ஓடினால் என் அடுப்பு எரியும். கார் நின்றால் அக்காவின் களித் துடுப்புக்குக் கீழே நான் மறுபடியும் போய் நிற்க வேண்டும். இதுதான் நிலைமை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சாமியாரின் கை

பழைய காருக்கு எது போகும், எது போகாது என்று சொல்ல முடியாது. எங்கள் காருக்கு முதலில் போனது சைலன்சர் குழாய். எஞ்சினில் இருந்து புகையை வண்டியின் அடிவழியாகப் பின்னால் கொண்டுபோகும் குழாய். நடுவில் சத்தத்தை அடக்க ஒரு டப்பா. குழாய் துருப்பிடித்து அப்பளமாகி, இண்டூர் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது கழன்று விழுந்தது.

அதற்குப் பிறகு வண்டி போட்ட சத்தம் இருக்கிறதே! பட்டாசுக் கட்டைப் பற்றவைத்து டின்னுக்குள் போட்டது மாதிரி. ஆடு மேய்க்கிறவர்கள் எங்கள் காரைக் கண்டால் ஆடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிட்டு எங்களைத் திட்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிறது. சாமியார் அப்பத்தை இரண்டு கையாலும் உயர்த்துகிற நேரம். கோயிலே மூச்சுவிடாமல் முழங்காலில் நிற்கிறது. அப்போது பார்த்து இவர் ஒகேனக்கல் சவாரி முடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறார். சத்தம் ஓயட்டும் என்று சாமியார் உயர்த்திய கையை உயர்த்தியபடியே வைத்திருந்தார். இவர் வண்டியைத் திருப்பி நிறுத்தத் தெருவில் இடமில்லாமல் முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தார். சாமியாரின் கை நடுங்க ஆரம்பித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எல்லாருக்கும் அது தொந்தரவு என்று சொல்லிவிட முடியாது. சவாரிக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள், வண்டி ஊர் எல்லையில் வரும் சத்தம் கேட்டுக் குளிக்கப் போனால் போதும், நேரம் சரியாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை தர்மபுரியில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க வேண்டும். அவர் குளிக்கப் போகிறவர் இல்லை. இந்தச் சத்தத்தோடு போனால் வண்டியை ரோட்டில் விடமாட்டார்.

கம்பெனிக் குழாய்க்குச் சொல்லிவைத்தோம். மெட்ராஸில் இருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். சாதாரணக் கறுப்பு இரும்புக் குழாய் கேட்டால் அந்தக் காலத்தில் பெர்மிட் கேட்பார்கள். தர்மபுரியில் கேட்டால் சேலத்தில் இருக்கும் என்றார்கள். சேலத்தில் கேட்டால் பெங்களூர் போங்கள் என்றார்கள்.

பால் குடித்த வெல்டர்

முதலில் போட்டது தண்ணீர்க் குழாய். மேலே வெள்ளையாகத் துத்தநாகப் பூச்சு பூசியிருக்குமே, அது. பூச்சு இருப்பதால் துருப்பிடிக்காது என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு.

பென்னாகரத்தில் பட்டறை வைத்திருந்தவர் மாதப்பன் என்கிற வெல்டர். நெருப்பைக் காட்டியதும் குழாயில் இருந்து வெள்ளைப் புகை கிளம்பிப் பஞ்சுப் பஞ்சாகப் பட்டறை முழுக்கப் பறந்தது. மாதப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலையை முடித்தார். சாயங்காலம் பல் கிடுகிடுவென்று ஆடக் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"சவரியண்ணா, இந்தப் பொகை குடிச்சா அப்படித்தானுங்க. பால் குடிச்சா நல்லாப் போயிடும்" என்று ஆள் சொல்லி அனுப்பினார். நான் ஒரு செம்புப் பால் காய்ச்சிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். ஆனால் பால் மட்டும் நின்றபாடில்லை. எங்கள் வண்டியில் ஒரு திருகாணியைத் திருகினாலும் "லேசாக் குளுருதுங்கண்ணா" என்பார்.

அந்தக் குழாய் கனத்த கனம். அதைத் தாங்கியிருந்த கம்பி சவாரியின் நடுவில் அறுந்தது. குழாயின் ஒரு முனை தார் ரோட்டில் இழுபட்டுப் பொறி பறக்க, பின்சீட்டில் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை வண்டி ஓடும்போதே கதவைத் திறந்து குதித்துவிட்டார். முழங்கால் சிராய்ப்போடு போய்ப் பெண் பார்த்தார். கல்யாணம் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சமையலறையில் ஒரு விசாரணை

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று சமையலறை மேல் அக்கறை வந்தது. சாப்பிடும்போது பேசாத மனுஷன், தட்டைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"மேரி, தோசைக்கல்லு ஏன் துரு புடிக்குது?"

"கழுவித் தொடைக்காம வெச்சாப் புடிக்கும்."

"பித்தளை அண்டா?"

"அது துரு புடிக்காதுங்க. ஆனா புளி, மோரு பட்டா களிம்பு ஏறும்."

"அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"உள்ள ஈயம் பூசிக்குவோம். பூசிட்டா ஒண்ணும் ஆகாது."

"ஓகோ" என்று தலையை ஆட்டிவிட்டு இன்னொரு உருண்டை களி கேட்டார். பெண்டாட்டி படும் பாடு இவருக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது என்று எனக்குள் ஒரு பூரிப்பு. "எவர்சில்வரு எப்படி?" என்று அடுத்துக் கேட்டபோதுதான் சுருக்கென்றது. எழுந்து போய் என் எவர்சில்வர் தூக்குப்போசியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கட்டிலைப் பூட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அறுத்தது போதாதென்று அடுத்த கூத்தும் என் வாசலிலேயே நடந்தது. எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவர் துருத்தியும் கரியுமாக வருவார். குழிதோண்டி நெருப்பு மூட்டிப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தை உருக்கித் துணிச்சுருளால் தேய்த்தால் அண்டா உள்ளே கண்ணாடியாகும். அவர் முன்னால் இவர் இரண்டு கட்டில் கம்பத்தையும் கொண்டுபோய் நீட்டினார்.

"இதுல எங்கீங்க பூசறது?"

"உள்ளாற."

"உள்ளாறயா? இதுல என்னங்க சமைப்பீங்க?"

"பொகை."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் நீளக் கம்பியின் முனையில் துணியைச் சுற்றித் துப்பாக்கி துடைப்பது மாதிரி விட்டுவிட்டு இழுத்து ஈயம் பூசினார். இவருக்குத் திருப்தி வரவில்லை. ஒரு பூச்சுப் போதாது, இன்னொன்று, அதற்கு மேலும் ஒன்று என்று தடிமனாகப் பூசவைத்தார். நவச்சாரப் புகையில் தெருவே இருமியது.

வெள்ளி கழியும் வண்டி

டப்பாவுக்கு முன்னால் ஒரு கம்பம், பின்னால் ஒரு கம்பம். வேண்டிய இடத்தில் சாய்வாக அறுத்து ஒட்டி வளைவும் கொடுத்தாயிற்று. குறை சொல்லக் கூடாது, வண்டி பூனை மாதிரி ஓடியது. பின்னால் பளபளவென்று பித்தளை முனை நீட்டிக்கொண்டிருந்தது. சவாரிக்கு வந்தவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

மேட்டுப்பாங்கான ரோட்டில் வேகமாக ஏறி வந்து கடைத்தெருவில் நிறுத்தினார் ஒரு நாள். குழாயின் முனையில் ஒரு சொட்டு திரண்டது. கீழே விழுந்தது. மண்ணில் விழுந்ததும் இறுகித் துவரம்பருப்பு அளவில் வெள்ளையாக மின்னியது. இன்னொன்று விழுந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சொட்டு ஆறியிருந்தது, அவர் மனசு ஆறவில்லை. ஒரு மணி நேரத்தில் ஊரெல்லாம் பேச்சு. "சவரி காரு வெள்ளி கழியுதாம்!"

நகை செய்கிற பத்தர் அதை உரசிப் பார்த்து, "ஈயமுங்க, வெறும் ஈயம்" என்று சத்தியம் செய்தார். பத்தர் அப்படித்தான் சொல்லுவார், பொறுக்கியதை எல்லாம் அவரே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து வண்டி எங்கே நின்றாலும் பின்னால் நாலு பேர் குந்தியிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட எங்கள் வண்டியில் ஏறினார்கள். இறங்கியதும் போகமாட்டார்கள்.

மாரண்டஹள்ளியில் இருந்து உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்த காய்கறி வியாபாரி ஒருவர், காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வேளைக்கு எவ்வளவுங்க வரும்?" என்று கறவை மாட்டை விசாரிப்பது போலவே விசாரித்தார்.

என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வேறு கவலை. ஈயம் நெருப்பில் உருகும் என்பது பாத்திரம் தேய்க்கிற எவளுக்கும் தெரியும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்துவிட்டால் பூச்சு உருகி அடியில் உருண்டையாக நிற்கும். பின்குழாய் ஈயம் ரோட்டில் சொட்டுகிறது, சரி. முன்குழாயில் பூசிய ஈயம் எங்கே போகிறது?

இதைக் கேட்டேன். "அது அங்கயேதான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அது டப்பாவுக்குள் இறங்கி அங்கேயேதான் இருந்தது.

பூட்ஸில் ஒரு பொட்டு

எஃப்.சி. நாளன்று நானும் தர்மபுரிக்குப் போனேன். முன்சீட்டில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைதானத்தில் லாரியும் பஸ்ஸுமாக வரிசை. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், சிடுசிடுப்பு இல்லாதவர். பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார், எல்லாம் சரி. கடைசியாகப் பின்னால் போய்க் குழாய்க்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஆக்சிலேட்டரை மிதி."

மிதித்தார். வண்டி முக்கியது. வரும் வழியிலேயே அது முக்கிக்கொண்டுதான் வந்தது.

"நல்லா மிதிய்யா!"

இவர் ஏறி மிதித்தார். உள்ளே ஏதோ களுக்கென்றது. டமாரென்று ஒரு சத்தம். அத்தோடு எஞ்சின் நின்றுவிட்டது. நான் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தபோது இன்ஸ்பெக்டர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார். பாலிஷ் போட்ட கறுப்பு பூட்ஸின் நடுவில் வெள்ளி ரூபாய் மாதிரி ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

"யோவ், இது என்ன சைலன்சரா துப்பாக்கியா?"

"ஈயமுங்க சார். களிம்பு ஏறக் கூடாதுன்னு..."

இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸில் எத்தனையோ காரணம் கேட்டிருப்பார். இப்படி ஒன்றைக் கேட்டிருக்கமாட்டார். பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒழுங்கா இரும்புக் குழாய் போட்டுக்கிட்டு அடுத்த வாரம் வா. அதுவரைக்கும் வண்டி ரோட்டுல ஓடக் கூடாது. அப்பவும் இப்படி வந்தேன்னா ஒரேயடியா நிறுத்திடுவேன்."

ஒரு லாரிக்காரரைப் பிடித்து வண்டியை மாதப்பன் பட்டறை வரைக்கும் கயிறு கட்டி இழுத்துவந்தோம். டப்பாவை வெட்டிப் பார்த்தால் உள்ளே பாதி ஓட்டையை ஈயம் அடைத்திருந்தது. முன்குழாய் ஒட்டின இடத்தில் நீளமாக விரிசல் விட்டிருந்தது. டப்பாவைச் சுத்தம் செய்து ஒட்டிவிடலாம், குழாய்க்கு இரும்பு வேண்டும் என்றார் மாதப்பன். இரும்புக்கு எங்கே போவது?

ஊரில் செய்தி பரவ பஸ் டிரைவர்கள் போதும். இரண்டாம் நாளே நல்லம்பள்ளிப் பக்கத்தில் இருந்து தகவல் வந்தது. மாமா எங்கள் பழைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு எங்கள் மேல் கோபமே கிடையாது, அத்தனை பாசம். அதுதான் வம்பே.

நான் அடுப்பைச் சாணி போட்டு மெழுகினேன். காலி செய்யப்போகிற வீட்டு அடுப்பை எதற்கு மெழுகுகிறாய் என்று கேட்டார் இவர். நான் மெழுகிக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் நான் கேட்டது நகை இல்லை, பட்டு இல்லை, யாரும் மறுபடி கிண்டாத ஒரு சட்டிக் களி. அதுவும் போகப்போகிறது என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை, உட்கார்ந்து அழுதேன்.

பஸ்ஸில் வந்த குழாய்

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரம். கடைத்தெருவில் பஸ் கண்டக்டரோடு யாரோ சண்டை போடும் சத்தம். அந்தக் குரலை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லுவேன்.

"ஊதுகுழல்னு சொன்னேன்ல? அடுப்பு ஊதற குழலுக்கு எங்கய்யா லக்கேஜ் டிக்கட்டு?"

"ஏம்மா, ஆறடி நீளத்துல ஊதுகுழலா?"

"எங்க வூட்டு அடுப்பு பெருசு. உனக்கென்ன?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய சேலையில் சுற்றிய நீளக் குழாய் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாக்கறே மேரி? ஒரு பக்கம் புடி. தோளு போச்சு."

ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டோம். சேலையை உருவினால் உள்ளே கறுப்பு இரும்பு. எண்ணெய்ப் புகை குடித்துக் குடித்து மையாகியிருந்தது.

"என்னக்கா இது?"

"நம்ம கெணத்து ஆயில் எஞ்சின் பொகைக் குழாயி. இப்பத்தான் கரண்டு மோட்டாரு வந்துடுச்சே, எஞ்சின் சும்மாத்தான் கெடக்குது. உங்க மாமா நேத்து சந்தைக்குப் போனப்போ ஆளு வெச்சுக் கழட்டிட்டேன்."

"மாமாவுக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா குடுப்பாரா? அவரு சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு இருக்காரு. உங்களைக் கையோட கூட்டியாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார். என்னை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நெசத்தைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காத. நீங்க அங்க வர வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவளே நான்தான். ஆனாலும் வர வேண்டாம் என்று இன்னொருத்தர் சொன்னால் வலிக்கத்தான் செய்கிறது.

"நீ இருந்தப்போ நான் பெரியவளா இருக்கணும். காலையில எந்திரிச்சதும் மூஞ்சியை உர்ருனு வெச்சுக்கணும். நீ படுக்கறதுக்கு முன்னாடி நான் படுக்க முடியாது. உன்னை நாலு வார்த்தை அதட்டலைன்னா, தம்பி பொண்டாட்டி தலைமேல ஏறிட்டான்னு ஊரு சிரிக்கும். அதட்டி அதட்டி எனக்குத் தொண்டையே காஞ்சுபோச்சு. இப்போ பாரு, மத்தியானம் தின்னுட்டுக் கையைத் தலைக்கு வெச்சுப் படுத்தன்னா சாயங்காலம்தான் எந்திரிக்கறேன். வயசுக்கு வந்த நாள்ல இருந்து எனக்கு இந்தச் சொகம் கெடைச்சதில்ல."

இத்தனை நாளாக என் அடுப்புக்காக நான் ஒருத்திதான் தவம் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னைவிட ஒரு படி மேலாகத் தவம் கிடந்து, சொந்தப் புருஷன் வீட்டிலேயே திருடி, தோளில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் இந்த மனுஷி. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். அவர் பல்வரிசை அத்தனை அழகு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மணல் வறுவல்

இரும்புக் குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டை அடித்து, உலையில் சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும் என்றார் மாதப்பன். "மணல்ல துளி ஈரம் இருந்தாலும் குழாய் வெடிச்சுடுமுங்க. நல்லா வறுத்துக் குடுங்க." கூடவே, லேசாகக் குளிருகிறது என்றும் சொன்னார்.

கடலை வறுக்கிற இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி நானும் அக்காவும் மணல் வறுத்தோம். நான் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை தானாக நீண்டு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டு கிளறு கிளறினார். அப்புறம் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இந்தா. உன் அடுப்பு" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணலில் கிடந்த சருகுத் தூள் தீய்கிற வாசனை வந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆறடியில் முன்னுக்குப் போதுமான அளவும் பின்னுக்குக் கொஞ்சம் குட்டையாகவும் வந்தது. வளைத்து, ஒட்டி, டப்பாவைக் கோத்து மாட்டினார்கள். அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும், சில வருஷத்தில் ஓட்டை விழும், அப்போது மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தவணை நாளன்று மூன்று பேருமாகத் தர்மபுரிக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை குழாய்க்குப் பின்னால் நிற்கவில்லை, பக்கவாட்டில் எட்ட நின்றார். "மிதி" என்றார். வண்டி புஸ்ஸென்று மூச்சுவிட்டதே தவிர வேறு சத்தம் இல்லை.

"இது எந்த வண்டிக் குழாய்யா?"

"கெணத்து வண்டிதுங்க சார்" என்றார் அக்கா பின்சீட்டில் இருந்து. இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மாமா குழாய் காணாமல் போனதை அடுத்த சந்தைக்குள் கண்டுபிடித்துவிட்டார். இரும்புத் திருடனைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். எங்கள் காரிலேயே ஏறி உட்கார்ந்து, காலுக்கடியில் அந்தக் குழாய் ஓட, "அவன் கையில புழு வைக்க" என்று சபித்துக்கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். மாமா கண்ணை மூடுகிற வரைக்கும் அந்தத் திருடன் அகப்படவில்லை.

அன்றைக்கு எஃப்.சி. வாங்கிக்கொண்டு அக்காவை ஊரில் விடப் போனோம். புளியமரத்தைத் தாண்டும்போதே மாமா வாசலில் நிற்பது தெரிந்தது. கையெல்லாம் சுண்ணாம்பு. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வண்டி பாஸான விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

"வாடா சவரி! வாம்மா! ரூமு தயாரா இருக்குது. எறங்குங்க!"

அண்ணனைப் பார்த்ததும் இவர் மனசு இளகிவிட்டது. கை கதவுப் பிடிக்குப் போயிற்று. இறங்கினால் சாப்பிடச் சொல்லுவார், சாப்பிட்டால் இருக்கச் சொல்லுவார், இருந்தால் தீர்ந்தது.

அக்கா தன் கதவைத் திறந்து இறங்கினார். வெளியில் இருந்து இவர் பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, பஸ் கண்டக்டர் மாதிரி வண்டியின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட், ரைட்!"

வண்டி நகர்ந்தது. குழாய் கழன்று விழுந்திருந்த நாட்களாக இருந்திருந்தால் எதுவும் காதில் விழுந்திருக்காது. புதுக் குழாய் அத்தனை அமைதி. மாமா பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டது ஒரு வார்த்தை விடாமல் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் நிறுத்தவில்லை.